கண்டம் செய்த பேட்டரி

பன்னிரண்டு பேட்டரிகளும் செத்துவிட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான் இன்னாசிமுத்து. ஒன்றுகூடச் சாகவில்லை. முதல்நாள் சாயங்காலம்வரை மில்லின் பஞ்சு வண்டியை ஜோராக இழுத்தவை அவை.

பதினாறு வருடமாக அந்த மில்லில் அவன்தான் எலெக்ட்ரீஷியன். பொய் எழுதியது அன்றுதான் முதல் தடவை.

எல்லாம் பெண்டாட்டி பிலோமினாளுக்காக. நாற்பது வீட்டுச் சாப்பாட்டுக் கேரியர்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி, கோரிப்பாளையத்திலிருந்து வைகைப் பாலம் தாண்டி, தினமும் பள்ளிக்கூடங்களுக்கும் ஆபீசுகளுக்கும் கொண்டுபோகிறவள். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, இனிமேல் வண்டி தள்ளக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவளோ ஒரு வீட்டையும் விடமாட்டேன் என்கிறாள். விட்டால் மூன்று பிள்ளைகளின் படிப்பு அவன் ஒருவன் சம்பளத்தில் ஓடாது.

எஞ்சின் போன பழைய ஆட்டோ ஒன்றை வாங்கிப் போட்டான். பெட்ரோல் விற்கிற விலைக்கு எஞ்சின் இருந்தும் பிரயோசனமில்லை. மோட்டார் வைத்து பேட்டரியில் ஓட்டிவிடலாம் என்று இறங்கினான். மோட்டார் சுலபமாகக் கிடைத்துவிட்டது. பேட்டரிதான் அவனை நாயாக அலையவிட்டது.

கார் பேட்டரி வண்டியைக் கிளப்பிவிடுவதற்குத்தான் லாயக்கு. அதை நாள் முழுக்க இழுக்கவிட்டால் இரண்டே மாதத்தில் படுத்துவிடும். ஒரு செட் வாங்கி, அப்படிப் படுத்ததையும் பார்த்துவிட்டான். பகலெல்லாம் வற்ற வற்ற உழைத்து, சார்ஜ் ஏற்றினால் மறுநாளும் உழைக்கிற பேட்டரி வேறு ரகம். புதிதாக வாங்க அவனுடைய ஒரு வருடச் சம்பளம் வேண்டும். மேலூர், திருமங்கலம் என்று பழைய இரும்புக் கடை ஒன்று பாக்கியில்லாமல் தேடியும் அகப்படவில்லை.

அந்த ரகம் மில்லிலேயே, அவன் கண்ணெதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இனி உதவாது, கண்டம் என்று எலெக்ட்ரீஷியன் எழுதிவிட்ட சாமானை, எந்தத் தொழிலாளி கேட்டாலும் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவது மில் வழக்கம். எழுதியவனே போய்க் கேட்டால் சந்தேகம் வரும். அதனால் பஞ்சு வண்டி ஓட்டுகிற கிருபாகரனிடம் போய் நின்றான். தன் தங்கை விக்டோரியாவின் புருஷன், ஐந்து வருடமாகியும் வேலை நிரந்தரமாகாதவன்.

வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று கிருபாகரன் இழுத்தான்.

"மில்லு புதுசு வாங்கிப் போட்டுரும் மாப்ள. ஒனக்கும் நல்லதுதான" என்றான் இன்னாசிமுத்து.

பிலோமினாள் அக்கா படுகிற பாட்டைத் தினமும் பார்க்கிறவன் கிருபாகரன். பேட்டரிகளைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிற மனுவில் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் மானேஜர் கூப்பிட்டு அனுப்பியபோது மாட்டிக்கொண்டோம் என்றே இன்னாசிமுத்து போனான். பழைய பேட்டரி செத்ததைப் பற்றி மானேஜர் ஒன்றுமே கேட்கவில்லை. புது செட் என்ன விலை என்றார். ஒரு ஷிஃப்டில் வண்டியில் எத்தனை பஞ்சுப் பொதி போகிறது என்றார். இரண்டுக்கும் உண்மையைச் சொன்னான். அத்தனை வருடத்தில் அவன் சொல்லி எதுவும் தப்பாகப் போனதில்லை என்று சொல்லிவிட்டுக் கண்டத் தாளில் கையெழுத்திட்டார். திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பேட்டரிகள் கைக்கு வந்ததும் பதினைந்து நாள் லீவு போட்டு வண்டியைக் கட்டி முடித்தான். பிலோமினாளுக்கே ஓட்டவும் கற்றுக்கொடுத்தான். கேரியர்களை ஏற்றிக்கொண்டு முதல் தடவை பாலத்து ஏற்றத்தில் ஏறியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். செய்தது பாவம்தான், இருந்தாலும் போகட்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

லீவின் கடைசி நாள் காலையில், ஷிஃப்டு நேரத்தில், கிருபாகரன் வந்து வாசலில் நின்றான். தோளில் ஏழு மாதக் கைக்குழந்தை. முகத்தைப் பார்த்ததுமே இன்னாசிமுத்து இறங்கி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாட்டிக்கிட்டமா மாப்ள?"

"இல்ல மச்சான். ஆருக்கும் சந்தேகமில்ல."

அப்பாடா என்று மூச்சு விட்டான். புது பேட்டரி வந்துவிட்டதா என்று விசாரித்தான்.

"வராதாம். பேட்டரி வாங்குறதவிடக் கூலிக்குப் பொம்பளையாள வச்சுப் பொதியத் தள்ளுனா மலிவுன்னு முடிவு பண்ணிட்டாங்க. வண்டியவும் ஒடச்சு எடைக்குப் போட்டாச்சு. போன வாரமே என்னைய நிப்பாட்டிட்டாங்க."

இன்னாசிமுத்து அப்படியே திகைத்துப்போனான். மானேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்று சட்டையை எடுத்தான். சொன்னால் உள்ள ஒரு வேலையும் போகும், வண்டியையும் பிடுங்கிக்கொள்வார்கள், பிறகு அக்கா என்ன செய்யும் என்று கிருபாகரன் கையைப் பிடித்து உட்காரவைத்தான். அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. இன்னாசிமுத்துவுக்கு அதுதான் தாங்கமுடியவில்லை.

குழந்தை பசித்து வீறிட்டது. கிருபாகரன் தோள் மாற்றிப் போட்டுத் தட்டிப் பார்த்தான். அழுகை நிற்கவில்லை.

"பாலுக்கு அழுகுது மாப்ள. விக்டோரியா எங்க?"

கிருபாகரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பொதி தள்ளப் போயிருக்கு மச்சான்."