குத்துச்சண்டைக்காரர்களின் மடிப்பு

மூன்றாவது தடவையும் அதே படம்தான் வந்தது.

"மாதிரிக் குழாயை மாத்தி எடுத்துட்டியா, ரூப்பர்ட்?" என்று ஆய்வக உதவியாளனிடம் கத்தினேன்.

"மூணு தடவையும் மாத்துறதுக்கு நான் என்ன குடிச்சிட்டா வேலை செய்யறேன்?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்குத்தான் மண்டை காய்ந்தது.

இறந்தவர்கள் தானம் தந்த மூளையில் ஒரு துணுக்கை எடுத்து, அதிலுள்ள புரத இழைகளைப் பிரித்து உறைய வைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் லட்சக்கணக்கில் படம் பிடிப்போம். எல்லாப் படத்தையும் சேர்த்தால் புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்று தெரியும். மறதி நோய்க்கு ஒரு மடிப்பு. வேறு நோய்க்கு வேறு மடிப்பு.

இந்த மூளை அறுபத்தெட்டு வயதுப் பெண்ணுடையது. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர். மறதி நோயில் இறந்தார் என்று தாளில் இருந்தது.

திரையில் இருந்ததோ குத்துச்சண்டைக்காரர்களிடம் நாங்கள் பார்த்த மடிப்பு. வருடக்கணக்கில் தலையில் அடி வாங்கினால் வருவது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்த பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது? திசுவை மறுபடி சோதித்த மருத்துவரும் அதையே சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தானம் தந்த குடும்பம் கேட்டால் முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்தப் பெண்ணின் மகள் ஹீதர் ரயிலேறிக் கேம்பிரிட்ஜில் எங்கள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். போட்டுக் கொடுத்த டீயைத் தொடவில்லை.

"எனக்கும் வருமா, டாக்டர்? அதை மட்டும் சொல்லிடுங்க. ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு."

"இல்ல ஹீதர். இது பரம்பரையா வர்ற நோயே இல்ல."

அவள் பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். குழப்பம் என்னை விடவில்லை.

"அம்மா ரக்பி ஆடினாங்களா? குதிரையிலேர்ந்து விழுந்திருக்காங்களா? இது தலையில அடிக்கடி அடிபட்டவங்களுக்கு வர்றது. அதான் கேக்கறேன்."

சிரிப்பு நின்றது.

"அம்மா குதிரைப் பக்கமே போனதில்ல," என்றாள். பிறகு, "அப்பா கை நீட்டுவாரு," என்றாள்.

கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அடி வீட்டுக்குள்ளும் விழலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஹீதர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எத்தனை வருஷத்துல வரும், டாக்டர்? எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம்தான் ஆச்சு."