ஏழு பெண்கள் நிற்கும் சுவர்

பொன்னாடையைக் கையில் விரித்தபடி நகராட்சித் தலைவர் காத்திருந்தார்.

நான்காவது வரிசையில் அவள் நின்றாள். நகக்கண்ணில் கறுப்பு. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள் கையில் மை இருப்பது ஒரு அதிசயமா. இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அந்த மாபெரும் கலைஞன் இந்தக் கூட்டத்தில் இருந்தால், தயங்காமல் முன்னே வர வேண்டும்," என்றார் தலைவர். மைக் கீச்சிட்டது.

கலைஞன்.

ஆறு மாதமாக ஊர் அப்படித்தான் சொல்கிறது. அவன் என்கிறார்கள். பேர் பெருகியதும் அவர் என்கிறார்கள்.

கூரை இல்லாத பேருந்து நிழற்குடையில் ஒரு குடை வரைந்திருந்தது. ரேஷன் கடைச் சுவரில், தராசுத் தட்டை அழுத்தும் ஒரு கட்டைவிரல். முதலில் வெள்ளையடித்தார்கள். பிறகு போலீசில் புகார் கொடுத்தார்கள். பிறகு சென்னைப் பத்திரிகையில் படம் வந்தது. அப்புறம் புகார் கொடுத்தவர்களே அடுத்த சுவர் எங்கே என்று தேடிப் போய் செல்ஃபி எடுத்தார்கள்.

இது மூன்றாவது சுவர்.

பேருந்து நிலையத்தின் பெண்கள் கழிப்பறை. ரிப்பன் வெட்டி இரண்டு வருடம். தண்ணீர் இணைப்பு வரவில்லை என்று அன்று சாயங்காலமே போட்ட பூட்டு. திறக்கச் சொல்லி ஒன்பது மனு போனது. ஒன்பதையும் நகலெடுத்தவள் அவள்தான்.

பத்தாவதை அவள் நகலெடுக்கவில்லை.

ஊர் முழுக்கக் கடையடைப்பு நடந்த நாளில், ஈ காக்கை இல்லாத பட்டப்பகலில், பழைய எக்ஸ்ரே தாள்களில் வெட்டிய அச்சை வைத்து வரைந்தாள். ஆளுயரத்தில் ஏழு பெண்கள். வரிசையாக. ஒருத்தி காலோடு கால் பின்னி நிற்கிறாள். ஒருத்தி அடிவயிற்றைப் பிடித்திருக்கிறாள். முதலில் நிற்பவள் கதவைத் தட்டுகிறாள்.

உடல் சுவரில். கை கதவில்.

அந்த முதல் ஆள் பேச்சியக்கா. பேருந்து நிலையத்தில் கொய்யா விற்கிறவள். அடக்கி அடக்கி, போன தையில் காய்ச்சலில் விழுந்தாள். சிறுநீரில் கிருமி என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள்.

படத்தைப் பார்த்து அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வரைஞ்ச மூதிக்கு ஒரு சாவிய வரையத் தோணலியே."

அவள் சிரித்தாள். அன்றைக்கு ஜெராக்ஸ் மிஷினில் தாள் தாளாகக் கோணிக்கொண்டு விழுந்தது.

மூன்றாம் வாரம் தண்ணீர் இணைப்பு வந்துவிட்டது.

அதற்குள் படமும் பேர் வாங்கிவிட்டது. கதவைத் திறந்தால் கை வேறு, உடல் வேறாகப் போய்விடும், ஓவியம் கெட்டுவிடும் என்று சென்னையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். சிவப்புக் கயிறு கட்டினார்கள். பலகை மாட்டினார்கள்.

தொடாதீர்கள். திறக்காதீர்கள்.

பெண்கள் பழையபடி பார்சல் ஆபீசுக்குப் பின்னால் போனார்கள். மூன்று பேராகப் போக வேண்டும். இரண்டு பேர் துப்பட்டாவை விரித்துப் பிடிக்க, ஒருத்தி உட்கார. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒருத்தி எழுந்தால் இரண்டு பேர் எழுவார்கள்.

இன்று அந்த இடத்தில் அதிகாரிகளின் கார்கள் நின்றன.

காலையில் மாத்திரைக்காகக் குடித்த ஒரு டம்ளர் தண்ணீர். அது இப்போது கூட்டத்தில் நின்ற பேச்சியக்காவைப் படுத்திக்கொண்டிருந்தது. கூடையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

யாரும் முன்னே வரவில்லை.

தலைவர் பொன்னாடையைப் பார்த்தார். போர்த்த ஒரு தோள் வேண்டும். சுவரில் பதினான்கு தோள்கள் இருந்தன. எதிலும் நிற்காது. அந்தச் சுவரிலேயே துருத்திக்கொண்டிருந்தது ஒன்றுதான்.

பூட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கைதட்டல். காமிராக்கள் மின்னின.

நான்காவது வரிசையிலிருந்து அவள் நடந்தாள். கயிற்றைத் தாண்டினாள். பூட்டிலிருந்து பொன்னாடையை உருவினாள்.

"ஏம்மா, அது படம் வரைஞ்சவருக்கு," என்றார் காவலர்.

"தெரியும்ணே."

ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை நீட்டினாள். பூ விற்கும் ஸ்டெல்லா கூட்டத்தை விலக்கி வந்து பிடித்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. பழகிய கை. பூட்டிய கதவை ஒட்டி, சுவரோரமாக, இடுப்புயரத்தில் சரிகை விரிந்தது.

"வாக்கா."

யாரோ மைக்கை அணைத்தார்கள். காமிராக்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. தலைவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

பேச்சியக்கா கூடையை இறக்கி வைத்தாள். பொன்னாடைக்குப் பின்னால் போகுமுன் ஒரு கணம் நின்றாள். சுவரில் கதவைத் தட்டும் கையைப் பார்த்தாள். சரிகையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணின் கறுப்பைப் பார்த்தாள்.

"மூதி," என்றாள், மெல்ல.

கூட்டத்திலிருந்து ஒருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக, வரிசை ஓர் ஆள் நகர்ந்தது.