புற்றுக்குள் விழுந்த பரிசு

புற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அணிலாரே, குலுக்கலில் உமக்கு ஒரு மூட்டை வேர்க்கடலை விழுந்திருக்கிறது. கட்டணம் உம்முடைய முதுகுக் கோடு ஒன்றுதான்."

அணில் ஒரு கோட்டைக் கொடுத்துவிட்டு வந்தது.

"நீ சீட்டே வாங்கலையே, பரிசு எப்படிடா விழும்?" என்றது மைனா.

"உனக்கு விழலைன்னு வயிற்றெரிச்சல்."

மறுநாள், பரிசுக்கு வரி என்று இரண்டாவது கோடும் போனது.

"ரெண்டு கொடுத்தாச்சு. இப்போ விட்டா அதுவும் வீண்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவதைக் கொடுக்க அணில் புற்றுக்குள்ளேயே போனது. திரும்பவில்லை.

மைனா புற்று வாயில் நின்று கூப்பிட்டது. உள்ளேயிருந்து அணிலின் குரலே வந்தது.

"உனக்கும் பரிசு விழுந்திருக்குடா. ஒரு இறகு போதும்."

மைனா ஒரு கல்லை உருட்டிப் புற்றின் வாயை அடைத்தது.

கல்லுக்கு அடியில் அணிலின் குரல் பேரம் பேசியது.

"சரி, பாதி இறகு கொடு."