பின்னாலேயே வந்த கைடு

"கைடெல்லாம் வேண்டாம்ப்பா, எல்லாம் எனக்கே தெரியும்" என்று பழைய துறைமுகக் கோட்டை வாசலிலேயே அந்த ஆளைக் கழற்றிவிட்டேன்.

எனக்கு என்ன தெரியும்? வரும்போது பஸ்ஸில் புரட்டிய துண்டுப் பிரசுரம். அதிலும் பாதியில் கண் அசந்துவிட்டது.

ஆனால் குரல் இருந்தது. முப்பத்தொரு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். நான் சொன்னால் ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஓய்வு பெற்ற பிறகு அறிவிக்க ஒன்றுமில்லை. மூன்று மாதமாக வீட்டில் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவிதான் ஒரு நாள் போய்வரலாம் என்று இழுத்து வந்தாள்.

குறைகுடம் கூத்தாட ஆரம்பித்தது. கடற்கொள்ளையர் கப்பலை ஒரே குண்டில் கவிழ்த்த பீரங்கி இதுதான் என்றேன். மனைவி கண் கொட்டாமல் கேட்டாள். கலங்கரை விளக்கத்துக்கு வருவதற்குள் பின்னால் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அவ்வளவு கவனம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கைடும் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தான். என் சரக்கைத் திருடி நாளைக்கு இவன் விற்பான் பார் என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். அவள் கடலைப் பார்த்தாள்.

சாயங்காலம் அவள் பஸ்ஸில் ஏறி இடம் பிடித்தாள். கைடு என்னருகே வந்தான். கை நீட்டுவதற்குள் முந்திக்கொண்டேன்.

"உன்னை நான் கூப்பிடவே இல்லையே."

"அம்மா கூப்பிட்டாங்க சார்."

"எதுக்கு? நீ வாயே திறக்கலையே."

"உங்களுக்குக் கேக்காம திறந்தேன் சார். அந்தக் கலங்கரை விளக்கம் தண்ணித் தொட்டி. பீரங்கி, போன வருஷம் அழகுக்குச் செஞ்சு வச்சது. பின்னாடி வந்தவங்ககிட்ட அதையெல்லாம் மெதுவா சொல்லி, யாரும் சிரிச்சிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தொடர்ந்தார்.

"மூணு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் அவர் பேசுறார், யாரும் நிறுத்திடாம பாத்துக்கோங்கன்னு அம்மா சொன்னாங்க சார்."

பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னங்க, அந்தப் பீரங்கிக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக என் அறிவிப்பு தாமதமானது.