கறுத்துப்போன பூனை

"இது எங்க அம்மாவோட பூனையே இல்ல டாக்டர். ஆதாரம் வெச்சிருக்கேன்."

கான்ட்ராக்டர் செல்போனை மேஜைமேல் வைத்தார். படத்தில் அவருடைய அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பால் நிறத்தில் ஒரு பூனை. முகம், காது, வால், நாலு பாதம், இவை மட்டும் கறுப்பு.

பக்கத்தில் கூடைக்குள் இருந்த பூனைக்கோ முதுகு முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம். வயிறுகூடப் பழுப்பேறிக் கிடந்தது. இரண்டும் வேறு வேறு என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள்.

சுவரோரமாக அக்கா நின்றிருந்தாள். மூன்று வருடமாக அம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மாத்திரை கொடுத்துக் கூடவே இருந்தவள். வயது ஐம்பதைத் தாண்டியவள்தான் என்றாலும் எல்லாருக்கும் அவள் அக்கா. எண்பத்து நாலு வயது அம்மாகூட அவளை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அம்மா போய் மூன்று வாரம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஓய்ந்த பிறகு, அம்மா ஞாபகமாகப் பூனையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று கான்ட்ராக்டர் பழைய வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கட்டிலில், கால்மாட்டில், இந்தக் கறுப்புப் பிராணி சுருண்டு கிடந்தது.

 ஆசை ஆசையாக அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த ஜாதிப் பூனையை இந்தப் பொம்பளை யாருக்கோ தள்ளிவிட்டாள், தெருவில் திரிந்த ஒன்றைப் பிடித்து வைத்து அம்மாவை ஏமாற்றியிருக்கிறாள் என்று அந்த இடத்திலேயே கான்ட்ராக்டர் முடிவு கட்டிவிட்டார். கண் மங்கிய கிழவிக்குக் கறுப்பு ஏது, வெள்ளை ஏது?

அதே பூனைதான் சார் என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அவள் வேறொரு வீட்டில் வேலைக்குச் சேர வேண்டும். ஆள் எப்படி என்று அவர்கள் இவரிடம்தான் போன் போட்டு விசாரிப்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் போகிறேன் என்று இவர் சொல்லிவிட்டார். திருடி என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அப்புறம் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது. டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள், அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள்.

டாக்டர் பூனையின் பிடரியில் ஒரு கருவியை வைத்தார். அதில் வந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"அதே பூனைதான் சார். குட்டியா நீங்க தூக்கிட்டு வந்தப்ப, அடையாளத்துக்காக நான் தோலுக்கடியில போட்ட சிப்புதான் இது."

கான்ட்ராக்டர் விடவில்லை. சிப்பு என்ன சொன்னால் என்ன, கண்ணால் பார்ப்பது பொய்யா, வெள்ளைப் பூனை எப்படிக் கறுக்கும் என்று கேட்டார்.

டாக்டர் பூனையின் முதுகைத் தடவியபடி நிதானமாக விளக்கினார். சயாமீஸ் பூனையின் சுபாவமே அதுதானாம். உடம்பில் எங்கே சூடு குறைகிறதோ அங்கே முடி கறுக்கும். காது, மூக்கு, வால் எல்லாம் கறுப்பாக இருப்பது அதனால்தான். வயதானாலும் கொஞ்சம் கறுக்கும்.

"ஆனா மூணு வயசுல இவ்வளவு கறுக்காது சார். கதகதப்பா இருந்திருந்தா உடம்பு வெளுப்பாவே இருந்திருக்கும். இது ரொம்ப நாளா குளிர்ல கிடந்திருக்கு."

பழைய முடி கொட்டிப் புது முடி வர வர, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற நிறம் இது, ரெண்டு குளிர்காலமாவது ஆகியிருக்கும், நீங்கள் கவனிக்கவில்லையா என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

கான்ட்ராக்டர் மேஜைமேல் இருந்த செல்போனை எடுத்து மறுபடி பார்த்தார். அந்தப் படம் பூனை வாங்கிய வருடம் எடுத்தது. அதற்குப் பிறகு அவர் அம்மா அறைக்குள் போய் உட்காரவே இல்லை. வாசலில் காரை நிறுத்தி, மருந்துப் பையை அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மற்றதெல்லாம் போனில்தான்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அக்கா போன் செய்தாள், அம்மா ரூமைச் சூடாக்கும் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று. ஆள் அனுப்புகிறேன் என்றார். ஊரெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிற மனிதரிடம் ஆளுக்கா பஞ்சம்? மறுபடி சொன்னாள். மறுபடி சொன்னாள். கடைசியில் அம்மாவே போனை வாங்கி, "எனக்கொண்ணும் குளிரலப்பா, நீ உன் வேலையப் பாரு" என்றாள். அவரும் பாரம் இறங்கின மாதிரி வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டித்தான் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

"எங்க படுத்துக்கும் இது?" டாக்டர் பூனையைக் கூடைக்குள் வைத்தார்.

அம்மாவின் கால்மாட்டை விட்டு அது ஒரு நாளும் நகர்ந்ததில்லை. போனில் அம்மா வாய் ஓயாமல் சொல்லிச் சிரிக்கும் விஷயம் அது. கான்ட்ராக்டரின் பார்வை அக்கா பக்கம் போனது. சொல்ல வேண்டியவள் சுவரோரம் நிற்கிறாள். அவள் வாயைத் திறந்தால் போதும், அம்மா எப்படிப் போனாள் என்பது இந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சொன்ன பேச்சு கேக்காது டாக்டர் இது. அம்மா ரூமைக் கதகதப்பா வெச்சிருக்கணும்னு சார் அப்படி ஹீட்டரெல்லாம் போட்டுக் குடுத்தாரு. இதுதான் அங்க தங்காம, வராந்தாவுக்கு ஓடிப்போய் வெறுந்தரையில படுத்துக்கும்."