ஈரம் காய ஒரு ரவுண்டு

கழுவி முடித்த காரின் சக்கரங்களை உம்மு சல்மா பழைய கைலியால் துடைக்கிறாள். துறைமுகத்து நிலக்கரித் தூள் துணியில் கறுப்பாக இறங்குகிறது. உள்ளே பிரேக் டிஸ்க்கில் செம்மஞ்சளாகத் துரு. போன வாரம் கழுவியதும் உறை போட்டு மூடியதன் பலன். இன்றும் கை தன் போக்கில் உறையை எடுக்கிறது. “மூடாத புள்ள!” சுவரில் சாய்த்த போனில், ஷார்ஜாவிலிருந்து கணவன் சஃபியுல்லா பதறுகிறான். “ஈரத்தோட நிறுத்துனா உப்புக்காத்துல துருதான் புடிக்கும். ஒரு ரவுண்டு ஓட்டி, பிரேக்க மெல்ல மெல்ல மிதிச்சாத்தான் காயும்.” “யாரு ஓட்டுறது மச்சான்?” “லைசென்ஸ் ஒங்கிட்டயும் இருக்குல்ல?”

லைசென்ஸ் எடுத்தும் அவள் தனியாக ஓட்டியதில்லை. அவன் நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளியிருக்கும் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்கிறாள். தருமபுரம் சாலையில் முதல் மிதிக்கு டிஸ்க் கரகரவென்று உரசுகிறது. அடுத்த மிதிக்குச் சத்தம் குறைகிறது. அதற்கடுத்து ஒன்றுமே கேட்கவில்லை. “காஞ்சிருச்சா?” பக்கத்து சீட்டில் கிடக்கும் போன் கேட்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வளைவு வருகிறது. எதிரே கடற்கரைச் சாலை காலை வெயிலில் நீண்டு கிடக்கிறது. அவள் வளைவைத் தாண்டுகிறாள்.

“இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு, மச்சான்.”