கடல் தாண்டுகிறவர்களுக்கு மட்டும்

ஜுலைகாவுக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டு, வாயெல்லாம் பித்தம் கசந்தது.

நோன்பு பிடிக்க விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரத்தில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பெட்டிக்குக் கயிறு கட்டி, கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, கதவைப் பூட்டுவதற்குள் கிழக்கு வெளுக்கப் பார்த்தது. நோன்பை விடப் பயணச் சலுகை வேண்டுமென்றால் பாங்குக்கு முன்னால் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று இமாம் சொல்லியிருந்தார். தாண்டிவிட்டார்கள்.

இப்போது வெயில் ஏறிவிட்டது. லவுடோக்கா சர்க்கரை ஆலையைக் கடந்து நடபுவாப் பக்கம் வந்த இடத்தில் ராணுவம் ரோட்டை மறித்து வைத்திருந்தது. முன்னால் ஒரு பஸ், அதற்கும் முன்னால் கூரையில் பெட்டி கட்டிய கார்கள். எல்லாம் நாடி விமான நிலையத்துக்குப் போகிற கூட்டம். ராணுவம் தீவின் ஆட்சியைப் பிடுங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பாதி ஊர் மூட்டை கட்டிவிட்டது.

ஜுலைகாவுக்கு ஓட மனசில்லை. ஆனால் ஆக்லாந்தில் மகள் நிறைமாதமாக இருக்கிறாள். பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

"நீங்க வந்தாத்தான் நான் பிளேன் ஏறுவேன்" என்று புருஷனிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். காசிம் அதிகம் பேசுகிற மனுஷன் இல்லை. வாலிபத்திலிருந்து கரும்பு வெட்டி வெட்டிப் பேச்சும் அவருக்குக் கரும்புச் சோகையைப்போல உதிர்ந்துபோயிருந்தது. "வர்றேன்" என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

டாக்சி ஓட்டுகிற விரேந்திரா வரதோலி ஊர்க்காரன். அவன் அப்பாவும் காசிமும் ஒரே கேங்கில் கரும்பு வெட்டியவர்கள். கண்ணாடியில் அவளைப் பார்த்தவன், பிளாஸ்கைத் திறந்து பின்னால் நீட்டினான்.

"சாச்சி, மூஞ்சி வெளுத்துப்போச்சு. சாயா குடி. பயணத்துல நோன்பு மாஃப்தானே?"

மாஃப்தான். அல்லாவே மன்னித்துக் கொடுத்தது. குடித்தாள். அவன் மனைவி கட்டிக்கொடுத்த உருளைக்கிழங்கு ரொட்டிச் சுருளையும் வாங்கிக்கொண்டாள். முதல் வாய்க்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த வாய்க்கு அது போய்விட்டது.

முன் சீட்டில் காசிமுக்கும் ஒரு சுருள் போனது. அவர் அதைக் காகிதத்தோடு மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை.

"இங்க யாரு உங்களுக்கு மெடல் குத்தப்போறா? தின்னுங்க" என்றாள்.

வெட்டுக் காலத்து வெயிலிலேயே நோன்பை விடாத ஆள். வீறாப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

விரேந்திராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நான் முஸல்மானா இருந்தா எனக்கும் மாஃபா, சாச்சி? நானும்தானே பயணம் வர்றேன்?"

"உனக்கேதுடா! நீ நாடி வரைக்கும் வந்துட்டு வீட்டுக்குத் திரும்புற ஆளு. அதெல்லாம் பயணத்துல சேத்தி இல்ல. கடல் தாண்டுறவங்களுக்குத்தான்..."

சொல்லிக்கொண்டே முன் சீட்டைப் பார்த்தாள்.

வெயிலில் கருகி வெடிப்பு விழுந்த காசிமின் பிடரி அவளுக்கு நேரே இருந்தது. அது திரும்பவில்லை. மடியிலிருந்த காகிதத்தின்மேல் அவர் கை கவிந்திருந்தது.

விரேந்திராவின் சிரிப்பும் அடங்கிவிட்டது. அவன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோட்டோரத்தில் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. காசிம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தாநாள் அவர் வெட்டுக்கத்திக்குச் சாணை பிடித்ததை அவள் பார்த்தாள்தான். பழக்கதோஷம் என்று விட்டுவிட்டாள்.

கதவைத் திறந்து இறங்கிவிடலாம். இறங்கினால் அங்கே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிடப்பாள். இறங்காவிட்டால் இந்த மனுஷன் இங்கே தனியாகச் சோறு பொங்கித் தின்பார். கதவுப் பிடியில் வைத்த கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிய சிப்பாய் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, போ என்று கை காட்டினான். வண்டி நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனபின் காசிம் வாயைத் திறந்தார். அப்போதும் திரும்பவில்லை.

"பெருநாள் கழிஞ்சதும் இன்னைய நோன்ப அங்கேயே வச்சிரு, புள்ள. மறந்துராத."

அவள் கையில் மீதி ரொட்டி இருந்தது. பசித்தது. தின்றாள்.

ஆக்லாந்தில் அதற்குப் பிறகு எத்தனையோ ரமலான் வந்து போயிற்று. காய்ச்சலில் விட்ட நோன்பு, ஆஸ்பத்திரியில் கிடந்து விட்ட நோன்பு எல்லாவற்றையும் பெருநாள் கழித்துப் பிடித்து முடித்துவிட்டாள். அங்கேயே வைக்கச் சொன்ன அந்த ஒன்றை மட்டும் அவள் அங்கே வைக்கவில்லை, ஊரில் வைக்கவென்று விட்டிருந்தாள்.

ஒரு நோன்பு அவளுக்கு இன்னும் பாக்கி.